கித்தா பேண்டு மேடையேறிய ராத்திரி

பேராக் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நேற்று மாலை, சுங்கை சிப்புட்டில், என் நீண்ட முடி ஒரு முடிவுக்கு வந்தது. இரங்கல் செய்திகளை கமெண்டில் போடலாம்.

தரையில கிடந்த முடியப் பார்த்ததும், பதினாறு வயசுல ஃபார்ம் ஃபோர் படிச்சப்ப ராக் பேண்டு வச்சிருந்த ஞாபகம். பத்தொன்பது வயசாச்சு... பழசை நினைக்கிற வயசுதானே லா.

ஈப்போவில கோழிச்சோறு கடைக்கு மேல ஒரு சின்ன ஹால். வறுத்த பூண்டு வாசனையும் சூடான ஸ்பீக்கர் வாசனையும் ஒண்ணா மூக்குல ஏறும். அன்னிக்கு அஞ்சு லோக்கல் ராக் பேண்டு. கடைசி நாங்க. கித்தார் லோகன், டிரம்ஸ் தீபா, பாட்டு அடியேன்.

பேரு 'கித்தா பேண்டு'. எஸ்டேட்ல ரப்பருக்குக் 'கித்தா'ன்னுதானே சொல்லுவோம்? எங்க மூணு குடும்பமும் ரப்பர் மரத்துல பால் வெட்டுன குடும்பம். இப்ப சேர்த்துச் சொல்லிப் பாருங்க... ஆமா, ரப்பர் பேண்டு. பேரு வச்சது நான்தான்!

ஷோ நடத்துன ரவி அண்ணே முகத்தைச் சுளிச்சாரு. "தமிழ்ப் பாட்டா? இங்க எல்லாம் இங்கிலீஷ், மலாய்தான் தம்பி. ஒரு பாட்டு தாரேன். கூட்டம் எழுந்தா அடுத்த மாசமும் வாங்க. இல்லன்னா இதோட சரி."

"எழுந்திருப்பாங்கண்ணே," தீபா சொன்னா. "இவன் குரலைக் கேட்டா எழுந்து ஓடத்தானே செய்வாங்க."

முதல் சரணம். எல்லாரும் உக்காந்தே இருக்காங்க. ஒருத்தன் போன் நோண்டுறான். நான் லோகன் பக்கம் திரும்புறேன்...

அப்பதான் கையைத் தூக்கி ஒரே கத்து. "கித்தா! கித்தா!"

மலாய்லயும் ரப்பர் 'கெத்தா'தானே? பின்வரிசை மலாய்க்காரப் பசங்க, "கெத்தா! கெத்தா!"ன்னு எழுந்துட்டாங்க. சீனப் பசங்களும் சேர்ந்துட்டாங்க. ஹாலே குதிக்குது. அவங்களுக்கு கெத்தா, எங்களுக்கு கித்தா... மொத்தத்துல செம கெத்து!

ரவி அண்ணே தானா வந்து, "அடுத்த மாசம் ரெண்டு பாட்டு ரெடி பண்ணுங்க"ன்னாரு.

இப்ப அந்த ஹால் டியூஷன் சென்டர். லோகனுக்கு கமுந்திங்ல ஒரு பேக்டரில ஷிப்ட். தீபா பினாங்குல படிக்கிறா. மூணு பேருக்கும் ஒரே நாள்ல லீவு கிடைக்கிறதே இப்ப பெரிய கச்சேரி.

இன்னும் பசங்க கேக்குறாங்க, "மச்சான், எப்படிடா அப்படிக் கத்தணும்னு ஐடியா வந்துச்சு?"

சரி, சொல்லிடுறேன். சிரிக்கக் கூடாது...

ரெண்டாவது சரணம் சுத்தமா மறந்துபோச்சு லா. 'எதையாவது வாசிச்சுக் காப்பாத்துடா'ன்னு லோகனைப் பார்த்து, "கித்தார்! கித்தார்!"னுதான் கதறினேன்.

பயத்துல 'ர்' வெளிய வரல.