டெம்பரவரி அர்த்தனாரி

வால்வைத் திறந்ததும் குழாயில் காதை வைத்துக்கொள்வார் அர்த்தனாரி. மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டுக் காலைப் பனியில் எதிரில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியே தெரியாது. குழாய்க்குள் தண்ணீர் எங்கிருந்தோ நடந்து வருவது மட்டும் கேட்கும். அது கடைசி வீடு போய்ச் சேரும்வரை கண்ணை மூடியபடி அப்படியே நிற்பார். அப்போது யார் கூப்பிட்டாலும் பயனில்லை.

ஊராட்சியில் அவருக்கு டெம்பரவரி வேலை. சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. சேர்ந்த புதிதில் பள்ளிக்கூட டீச்சர் யமுனாவிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று டீச்சர் சொன்னார். "கொஞ்ச நாள்னா எத்தன நாளுங்க?" என்றதும் டீச்சர் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிவிட்டார். அன்று பிடித்துக்கொண்ட சொல் அவரை விடவில்லை. பனி டெம்பரவரி, விக்கல் டெம்பரவரி, மச்சான் கோபமும் டெம்பரவரி. தார்ப்பாயைக்கூட ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு போட்டுத்தான் கட்டுவார்.

மனைவி சென்னம்மாளுக்கு இதில் தீராத ஆற்றாமை. அவர்களுடைய மேட்டுக்காட்டு நிலத்தில் பதினைந்து சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கின்றன, ஒன்றில்கூட மிளகுக் கொடி இல்லை. கொடி காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். அதற்குள் வேலை போய்விட்டால் மலையை விட்டுப் பிழைக்கப் போக வேண்டுமே என்ற பயத்தில், மனுஷன் வருடா வருடம் சாமை மட்டும் விதைக்கிறார். அன்றைக்கே நட்டிருந்தால் இன்று உச்சிவரை மிளகு என்று அந்தம்மாள் புலம்பாமல், கொடி நடும் ஆனி மாதம் ஒன்றுகூடக் கழிந்ததில்லை.

போன வாரம் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. வால்வைத் திறந்து மூட மெஷின் வருகிறதாம், மாதக் கடைசியோடு அவர் வர வேண்டாமாம். படித்துக் காட்டிய டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏனுங்க, அப்பக் கீழ போயிரலாங்களா?" என்றார் சென்னம்மாள்.

எந்தக் கடிதத்துக்குப் பத்தொன்பது வருடம் பயந்தாரோ அது கையில் இருந்தது. பயத்தைத்தான் காணோம். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு காட்டுப் பக்கம் திரும்பினார்.

"போயிட்டா கொடிய ஆரு புள்ள பாக்கறது?"

மறுநாள் வால்வை மூடிவிட்டு நேராகக் காட்டுக்கு வந்தார். தூறலில் முதல் மரத்தடியில் மிளகுத் தண்டை நட்டு, வாழைநாரால் மரத்தோடு சேர்த்துக் கட்டினார். விரல்கள் பழைய பழக்கத்தில் இழுத்தால் அவிழும் முடிச்சைப் போட்டிருந்தன. அதைப் பிரித்தார். இரண்டு முடிச்சாகப் போட்டு, நார் முனையைப் பல்லால் கடித்து இறுக்கினார்.