கரவனில் பால் காய்ச்சிய நாள்

ஓட்டையைக் கண்டால் அதை அடைத்துவிட்டுத்தான் நான் மறுவேலை பார்ப்பேன். இந்தப் புத்திகெட்ட பழக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒஸ்லோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், படுக்கையறைச் சுவரின் மேற்பக்கத்தில் உள்ளங்கை அளவு துவாரம் ஒன்றைக் கண்டேன். 'வென்டில்' என்பார்கள். வெளிக்காற்று வீட்டுக்குள் வருவதற்காக இந்த நாட்டுக்காரர் வேண்டுமென்றே வைப்பது. வெளியே உறைகிற குளிர். அதை உள்ளே வா என்று அழைக்கிறவனுக்கு மூளை பிசகியிருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்றைக் கிழித்துச் சுருட்டித் துவாரத்துக்குள் திணித்து, மேலே டேப்பும் ஒட்டினேன்.

நான் மட்டுமல்ல. அந்தக் காலத்தில் ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எங்கள் ஆட்கள் இருந்த எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தத் துவாரத்தில் ஒரு சாரத்துண்டு இருக்கும். மாசி மாதமளவில் சுவர் மூலைகளில் பூஞ்சணம் கறுப்பாகப் படரும். கட்டடத்தைப் பராமரிக்கிற மனிதர் வந்து, துணியை இழுத்தெடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார். அவர் படியிறங்கியதும் திரும்ப அடைப்பேன்.

இப்படிப்பட்டவனுடைய கையில்தான், பேருந்து ஓட்டி ஓய்வுபெறுகிற வயதில், காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற வீட்டுவண்டி, ஒரு பழைய கரவன், வந்து சேர்ந்தது.

உல்லாசத்துக்காக வாங்கவில்லை. என் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு அப்போது இரண்டு வருடமாகியிருந்தது. வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக, நாளுக்கு நான்கு தடவை, பழைய திரவத்தை வெளியே எடுத்து இரண்டு லீட்டர் புதுத் திரவத்தை உள்ளே விடவேண்டும். அதை வீட்டில் அவளே செய்துகொள்வாள். கை கழுவி, முகக்கவசம் போட்டு, கதவு யன்னல் எல்லாம் சாத்தி, காற்று அசையாத இடத்தில் அரைமணி நேரம் இருக்கவேண்டும். தூசியோ கிருமியோ குழாய்க்குள் போனால் வயிறு முழுக்கப் பரவிவிடும். ஒருமுறை அப்படி வந்து ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை கிடந்தாள். அதன்பிறகு எங்கள் படுக்கையறையைத் தவிர உலகத்தில் வேறு எந்த அறையையும் அவள் நம்பவில்லை.

அவளுடைய அக்கா வடக்கே, கடலோரச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறா. இரண்டு பேரும் ஒன்றாக இந்த நாட்டுக்கு வந்து, ஒரே மீன் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டியவர்கள். இவள் என்னைக் கட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்தாள். அக்கா அங்கேயே நின்றுவிட்டா. போன ஐப்பசியில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனது. பேச்சும் போய்விட்டது. பராமரிப்பு இல்லத்தில் உள்ளவர்கள் தொலைபேசியை அவவின் காதருகில் பிடிப்பார்கள். இந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த மூச்சோடு என் மனைவி கால்மணி நேரம் கதைப்பாள், இடையிடையே பதிலுக்காக நிறுத்தி.

"அக்காவை ஒருக்கா பாக்கவேணும்," என்றாள் ஒருநாள். 

விமானம் என்றால் இரண்டு மாறி, பிறகு பஸ் ஏறவேண்டும். வழியில் எங்கே வைத்துத் திரவம் மாற்றுவது, கழிப்பறையிலா? காரில் என்றால் மூன்று நாள் ஓட்டம். ஆகவே எங்கள் படுக்கையறையையே கார்க்கொழுவியில் மாட்டி இழுத்துக்கொண்டு போவது என்று தீர்மானித்தேன். வாழ்க்கையில் ஒரு புத்தகத் தட்டைக்கூட நேராகப் பூட்டாதவன் நான்.

ஸ்ட்ரோம்மன் பக்கத்தில் ஒரு வயோதிபத் தம்பதியிடம் கரவனை வாங்கினோம். கதவடியில் தரை உளுத்து, மிதித்தால் நனைந்த பாண் ரொட்டியைப்போல அமுங்கியது. அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுப் பலகை போட்டேன். சாப்பாட்டு மேசையையும் இரண்டு ஆசனங்களையும் கழற்றிவிட்டு, துடைத்தால் பளிச்சென்று வருகிற வெள்ளைப் பலகையில் அவளுக்கு ஓர் இருக்கையும் சிறு மேசையும் செய்தேன். துளைபோடும் மெஷினைப் பக்கத்து வாசலில் இருக்கும் தமிழ்நாட்டுத் தம்பியிடம் இரவல் வாங்கினேன். அவன் கணினி வேலைக்கு வந்தவன். சனிக்கிழமைகளில் தேநீர்க் கோப்பையோடு வந்து, வாகனத் தரிப்பிடத்தில் நின்று என்னை வேடிக்கை பார்ப்பான்.

"அண்ணே, நீங்க பேசறது எனக்குப் பாதிதான் புரியுது," என்பான். "நீங்க பண்றது சுத்தமா புரியல."

திரவப் பை தோளுக்கு மேலே தொங்கவேண்டும். கூரையில் ஒரு கொக்கி பூட்டினேன். கரவன் கூரை வெறும் தகடும் பஞ்சும் என்பது எனக்குத் தெரியாது. பரீட்சைக்காக இரண்டு லீட்டர் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டேன். கொக்கி, திருகாணி, கூரையில் ஒரு துண்டு எல்லாம் சேர்ந்து என் தலையில் விழுந்தன. பிறகு விரலால் தட்டித் தட்டி, உள்ளே மரச்சட்டம் ஓடுகிற இடத்தைச் சத்தத்தில் கண்டுபிடித்துப் பூட்டினேன். அது இன்றைக்கும் நிற்கிறது. பைகளை இளஞ்சூடாக வைத்திருக்க, கடைக்கு மீன் அடைத்து வருகிற வெள்ளை றெஜிபோம் நுரைப்பெட்டி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்தேன்.

அவள் மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள்.

"இது சூடை மீன்," என்றாள்.

"மூண்டு தரம் கழுவினனான்."

"நாலாந்தரம் கழுவிப்போட்டு எறியுங்கோ."

கடைசியாகத்தான் காற்றுக்கு வந்தேன். காற்று அசையக்கூடாது என்று ஆஸ்பத்திரித் தாதி சொன்னது என் மண்டைக்குள் ஆணியாக இறங்கியிருந்தது. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, கரவனுக்குள் மூலை மூலையாகப் பிடித்துக்கொண்டு போனேன். புகை எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை. அடுப்புக்குக் கீழே இரண்டு, கதவருகே தரையில் ஒன்று, அலுமாரிக்குள் ஒன்று, கூரையில் தொப்பி போட்டது ஒன்று. ஒவ்வொன்றிலும் பஞ்சு திணித்து வெள்ளி டேப் ஒட்டினேன். அடுப்புக்குக் கீழே இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் சிறு ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. இதை அடைக்கக்கூடாது என்று நோர்வேஜிய மொழியில் தெளிவாக எழுதியிருந்தது. இந்த நாட்டில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன், அறிவித்தல் வாசிக்கத் தெரியாது என்று சொல்லித் தப்பமுடியாது. வாசித்தேன். வாசித்துவிட்டு ஸ்டிக்கருக்கு மேலேயே டேப்பை ஒட்டினேன்.

முடிவில் ஊதுவத்திப் புகை நூல் பிடித்ததுபோல நேராக மேலே எழும்பியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அந்தப் புகையைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப, போகலாம் போலை," என்றாள். இரண்டு வருடத்தில் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை.

இனி நேரே புறப்பட்டிருக்கலாம். ஆனால் புதுவீடு என்றால் நாங்கள் பால் காய்ச்சாமல் குடிபூருவதில்லை. சில்லு பூட்டியிருந்தாலும் படுக்கை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. அது வீடுதான் என்று நான்தான் வாதாடினேன். பஞ்சாங்கம் பார்த்துச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நேரம் வைத்தேன். காஸ் பரிசோதிக்கிற ஆள் அடுத்த கிழமைதான் வருவதாக இருந்தான். அவனுக்காக நல்ல நேரம் காத்திருக்குமா? காஸ் கசிந்தால், நச்சுக்காற்று சேர்ந்தால் கத்துகிற கருவியும் வாங்கவேண்டிய பட்டியலில் இருந்தது. அதற்கு முன்னால் பாட்டுப்பெட்டி இருந்தது. பாட்டுப்பெட்டியை வாங்கிவிட்டேன்.

அன்றைக்குத் தரிப்பிட ஓரங்களில் இன்னும் பனி கிடந்தது. பால் பொங்கி வழிந்ததும் அதே பானையில் அரிசியைப் போட்டேன். கரவனுக்கு மின்சாரம் கொடுக்கவில்லை. அவளுக்குக் குளிரும் என்று இரண்டாவது அடுப்பையும் மூட்டி, பெரிய தண்ணீர்ச் சட்டி ஒன்றைச் சூட்டுக்காக வைத்தேன். யன்னல்களில் நீர் கோத்து வழியத் தொடங்கியது. வெக்கை நன்றாகப் பிடிக்கிறது என்று மகிழ்ந்தேன். பொங்கல் இறுகுவதற்குள் திரவம் மாற்றும் நேரம் வந்தது. இங்கேயே செய்து பார்க்கிறேன் என்று அவள் கொக்கியில் பையைத் தொங்கவிட்டு, புது இருக்கையில் அமர்ந்தாள். நான் கோப்பைகள் எடுக்க ஒருதரம், சீனி எடுக்க ஒருதரம் வீட்டுக்குப் போய்வந்தேன்.

இரண்டாம் முறை திரும்பியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"தலை இடிக்குதப்பா," என்றாள்.

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து என்ரை கதையைக் கேக்கிறீர். இடிக்காமல் என்ன செய்யும்?"

முகக்கவசத்துக்குள் சிரித்தாள். கன்னம் அசைந்ததைக் கண்டேன். எனக்கும் தலை பாரமாக இருந்தது. காலையில் சாப்பிடாததால் என்று நினைத்துக்கொண்டு, பொங்கலைக் கிண்டப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவள் சுவரில் சாய்ந்து உறங்குவதுபோல இருந்தாள். கடைசியில் ஓர் அறை அவளுக்குப் பிடித்துவிட்டது, நிம்மதியாகக் கண்ணயர்கிறாள் என்று நான் நினைத்தேன். பாட்டின் சத்தத்தைக் குறைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

தமிழ்நாட்டுத் தம்பி துளைபோடும் மெஷினைத் திருப்பி வாங்க வந்தான். கதவைத் திறந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னண்ணே இப்படிப் புழுங்குது? அக்கா ஏன் அப்படி இருக்காங்க?"

"நித்திரை."

"இது தூக்கம் இல்லண்ணே. அடுப்பை அணைங்க. அணைங்கன்னு சொல்றேன்ல."

அவன் அவளை உலுக்கினான். தலை பக்கவாட்டில் தொங்கியது. நான் இரண்டு அடுப்பையும் அணைத்தேன். குழாயின் கவ்வியை மூடி, பையிலிருந்து கழற்றி, முனைக்கு மூடி போட்டேன். அவள் செய்வதை நூறு தடவை பார்த்திருந்ததால் கை தானாகச் செய்தது. அன்று முழுவதிலும் நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். இரண்டு பேருமாக அவளைத் தூக்கி வந்து பனியோரத்தில் கிடத்தினோம். தம்பி அம்புலன்ஸுக்கு அடித்தான். நான் என் ஜக்கெட்டை அவள்மேல் போட்டுவிட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எந்தச் சாவு வீட்டிலும் ஒரு பகிடி சொல்லி நாலு பேரைச் சிரிக்கவைக்கிற எனக்கு, அந்தப் பெயரைத் தவிர வேறு ஒரு சொல்லும் வரவில்லை.

வண்டி வருவதற்குள் கண் திறந்தாள். ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். காஸ் அடுப்பின் நச்சுக்காற்று என்று மருத்துவர் சொன்னார், இளம்பெண். காற்றோட்டத் துவாரங்கள் திறந்திருந்தனவா என்று என்னைக் கேட்டார்.

என் மனைவி முகமூடியை விலக்கி, "பழைய கரவன், பிழை இருந்திருக்கும்," என்று நோர்வேஜிய மொழியில் முந்திக்கொண்டாள்.

"இல்லை," என்றேன். "நான் அடைத்தேன். அடைக்கக்கூடாது என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டு அடைத்தேன்."

மருத்துவர் குறித்துக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் மனைவியைப் பார்க்கவில்லை.

அவசரத்தில் கழற்றிய குழாயால் வயிற்றில் கிருமி ஏறியிருக்குமோ என்று மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். வெளியே வருகிற திரவம் கலங்கினால் கிருமி ஏறிவிட்டது என்று அர்த்தம். மூன்று நாளும் அவளுடைய வடிகால் பை கலங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே நான் கட்டிலருகில் இருந்தேன். தெளிவாகவே வந்தது.

வீட்டுக்கு வந்தபின்னும் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வழக்கம்போல ஏதாவது பகிடி சொல்லிச் சமாளித்திருப்பேன். நாளுக்கு நான்கு தடவை படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். ஒருநாள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபோது அவள் தொலைபேசியில் கதைப்பது கேட்டது. "இந்த வருசம் வரேலாதுபோலை இருக்கு, அக்கா," என்றாள். பிறகு பதிலுக்காக நிறுத்தினாள். நான் சத்தம் கேளாதபடி சப்பாத்தைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

கரவனின் ஐந்து ஓட்டைகளையும் கத்தியால் அறுத்துத் திறந்தேன். டேப்பின் பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தெடுத்தேன். ஸ்டிக்கரில் பாதி எழுத்து டேப்போடு போய்விட்டதால், போன எழுத்துகளைப் பேனையால் நானே எழுதினேன். காஸ் பரிசோதிக்கிற ஆள் வந்து, ஒவ்வொரு துவாரத்திலும் கையை வைத்துப் பார்த்தான். அந்தக் கருவியையும் பூட்டிக் கத்தவைத்துக் காட்டிவிட்டுப் போனான். திரவம் மாற்றுகிற நேரத்தில் மட்டும் காற்றை மறிக்க, இருக்கையைச் சுற்றிக் கழுவக்கூடிய திரைச்சீலை ஒன்று தைத்துப் போட்டேன். அப்போது அடுப்பு எரியக்கூடாது, துவாரமும் மூடக்கூடாது. திரை போதுமா என்று தாதியிடம் கேட்டு, ஓம் என்ற பிறகுதான் கொளுவினேன்.

பிறகு மேலே போனேன். அவள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"எல்லாத்தையும் திறந்திட்டன்," என்றேன். "பரிசோதிச்சுக் கையெழுத்தும் வைச்சிட்டாங்கள். இனிச் சமையல் வெளியிலைதான். எண்டாலும் என்னை நம்பி அதுக்குள்ளை வந்து படும் எண்டு கேக்க எனக்கு வாயில்லை. வரமாட்டன் எண்டால் விளங்கும், வித்துப்போட்டு வேறை வழி பாப்பம். அக்காட்டைப் போக, நீர் என்னோடை வாறீரோ?"

கையிலிருந்த துவாயை மடித்து முடித்தாள். அதை மற்றத் துணிகளுக்கு மேல் வைத்து, ஓரத்தைச் சரிசெய்தாள்.

"யன்னல் பக்கம் எனக்கு," என்றாள்.