மரியாம்பிள்ளை மொழிபெயர்த்த எப்ரோ ஆறு

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத் தமிழரின் வரலாற்றை யாராவது எழுதத் துணிந்தால், மரியாம்பிள்ளைக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும். மன்னாரில் பஸ் கண்டக்டராக இருந்தவர். மற்றவர்களைவிட எட்டு மாதம் முந்தி டென்மார்க் வந்து சேர்ந்ததே அவருடைய மொழிப்புலமை.

1986 ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். இறைச்சித் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஹோல்கர், ஸ்பெயினில் தான் எடுத்த ஸ்லைட் படங்களைப் பார்க்கத் தமிழ்க் குடும்பங்களை வீட்டுக்கு அழைத்திருந்தார். மரியாம்பிள்ளை ஒழுங்காக மொழிபெயர்த்தால் அவருக்கு வேலை தருவதாகப் பேச்சு. ஆறு மாதமாக வேலை தேடும் மனிதர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனார்.

யன்னல் சீலைகளை இழுத்து மூடினார்கள். எப்ரோ ஆறு சுவரில் ஓடியது. உரோமர் கட்டிய மதில், அரபியர் வெட்டிய வாய்க்கால் என்று ஹோல்கர் பத்து நிமிடம் விளக்கினார்.

"பழைய ஆறு. தண்ணி இருக்கு," என்று மரியாம்பிள்ளை மொழிபெயர்த்தார்.

காய்ந்த மண்மேடுகள் வந்தன. "இது எங்கட ஊர் முருங்கன் பக்கமெல்லோ?" என்றார் பின்னாலிருந்த பாவிலுப்பிள்ளை.

"பேசாம இரும். ஸ்பெயின்." சொன்னவருக்கே சந்தேகம்தான்.

அடுத்தது ஆற்றங்கரையில் சரகோசாக் கோவில். அதற்கடுத்தது கோவிலுக்குள், கல்தூணின் மேல் சின்னஞ்சிறு மாதா.

மரியாம்பிள்ளையின் மனைவி யசிந்தா முழந்தாளிட்டாள். ஒக்ரோபர் செபமாலை மாதமல்லவா? மரியாம்பிள்ளையைத் தவிர வந்திருந்த பதினான்கு பேரும் முழந்தாளிட்டுச் செபமாலையைத் தொடங்கினார்கள். ஹோல்கரின் விரல் பொத்தானில் அப்படியே நின்றது.

"என்ன நடக்கிறது?"

"பார்க்கிறார்கள்," என்றார் மரியாம்பிள்ளை டேனிஷில்.

"எவ்வளவு நேரம்?"

"கால் மணித்தியாலம்." செபமாலைக்குப் பின்னால் வரும் மன்றாட்டுமாலையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

விசிறி பழுதான பழைய புரொஜெக்டர் அது. சூட்டில் படம் நெளிந்தது.

"மாதா அசையிறா," என்றாள் யசிந்தா.

"அது சூடு, யசிந்தா. படம் கருகப்போகுது. என்ர வேலையும் போகப்போகுது. எழும்பு."

"செபத்தை நடுவில விட்டிட்டு எழும்பினா வேலை கிடைக்குமெண்டு நினைக்கிறியளோ? முழங்காலில நில்லுங்கோ."

இந்த இறையியல் கேள்விக்கு டேனிஷ் மொழிப் பள்ளியில் விடை படிப்பிக்கவில்லை. கழுத்துப்பட்டியோடு அவரும் முழந்தாளிட்டார்.

மன்றாட்டுமாலை முடிந்தபோது படம் கருகி, சுவரில் பழுப்பு நிறத்தில் ஓர் ஓட்டை மட்டும் தெரிந்தது. ஹோல்கர் மரியாம்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"என் சொந்தத் தம்பி போன வருடம் முதலாவது ஆற்றுப் படத்திலேயே எழுந்து போய்விட்டான். என் படத்தை இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை ஏழு மணிக்கு வேலைக்கு வா. இன்னும் அறுபத்தெட்டுப் படம் இருக்கிறது, அடுத்த சனிக்கிழமையும் எல்லாரையும் கூட்டி வா."

"என்னவாம்?" என்றாள் யசிந்தா.

"வேலை தந்திட்டார்."

"பாத்தியளோ."

"பாத்தன். மிச்சப் படத்தில எத்தினை கோவில் வருமெண்டுதான் விளங்கேல்லை."