ஆத்தா குடுத்த செவப்புப் பூ

இதை எழுதலாமா வேண்டாமான்னு பல வருசமா மனசுக்குள்ளயே போட்டு உருட்டிக்கிட்டு இருந்தேன். நான் படிச்சது எட்டாவது வரைக்கும்தான். எழுத வருமாங்கறது ஒரு தயக்கம். சாமி காரியத்தை வெளிய சொன்னா ஆத்தா என்ன நினைப்பாளோங்கறது அதைவிடப் பெரிய தயக்கம். ஆனா எங்க பக்கத்துல இந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. போன மாசம் மஞ்சக்குட்டை ஜீப்புல பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா, அது என் கதைன்னு தெரியாம என்கிட்டயே மாத்திச் சொன்னாங்க. அதுக்கு மேல பொறுக்க முடியலை. நடந்ததை நடந்தபடி எழுதிடலாம்னு மாரியாத்தாளைக் கும்பிட்டு உக்காந்திருக்கேன்.

ஏற்காட்டுல இருந்து கொட்டச்சேடு போற ரோட்டுல, காப்பித் தோட்டத்துக்கு நடுவுல ஒரு பங்களா. மொதலாளி வெளியூர்ல இருக்காங்க. தங்க வர்றவங்களுக்குச் சமைக்கறது என் வேலை. எங்க ஊட்டுக்காரர் கேட்டையும் பூச்செடிகளையும் பாத்துக்கறார். பங்களாவுக்குப் பின்னாலயே எங்க ஊடு. எங்க ரெண்டு பேரோட அப்பாரு காலத்துலயே கீழ்நாட்டுல இருந்து காப்பி பறிக்க மலை ஏறின குடும்பம். மக ஒருத்தி, ஆத்தூர்ப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கோம்.

அந்த வருசம் காப்பிப் பூ பூத்த நேரம். விறகுக் கட்டைத் தூக்கிக்கிட்டு மேடேறின எங்க ஊட்டுக்காரர் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு சில்வர் ஓக் மரத்தடியிலயே உக்காந்துட்டார். சேலம் ஆஸ்பத்திரியில எல்லாம் பாத்துட்டு டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுச் சொன்னார். ரத்தக் குழாய் மூணு எடத்துல அடைச்சிருக்குது, ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும், தள்ளிப் போடாதீங்கன்னார். காப்பீட்டு அட்டை இருந்ததால செலவுக்குப் பயம் இல்லை. பயமெல்லாம் இவரை வெச்சுத்தான். மலை ஏறி ஏற்காட்டுல பஸ்ஸை விட்டு எறங்கினதும் அவர் ஒண்ணே ஒண்ணு சொன்னார்.

"தலையில எழுதினதை நெஞ்சைக் கிழிச்சு அழிக்க முடியுமா புள்ள?"

அதோட முடிஞ்சுது. நானும் சொல்லிப் பாத்தேன், மக போன்ல அழுது பாத்தா. எதுக்கும் நெத்தியைத் தொட்டுக் காட்டுவாரு, போயிருவாரு.

அந்தச் சமயத்துலதான் டீச்சரம்மா வந்தாங்க. காலேஜுல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்து ரிட்டயர் ஆனவங்க. கட்டுரை ஒண்ணு எழுதணும், அமைதியான எடம் வேணும்னு ரெண்டு மாசத்துக்குத் தங்கினாங்க. என்ன எழுதறீங்கம்மான்னு கேட்டேன். விதிங்கறதுக்கு இங்கிலீஷ்காரங்க பழைய காலத்துல என்னென்ன சொல் வெச்சிருந்தாங்க, அது எப்படியெல்லாம் மாறி வந்துச்சுங்கறதைப் பத்தின்னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. எங்க ஊட்டுல ராப்பகலா அந்தப் பேச்சுத்தானே.

சமையக்கட்டு வாசல்ல முக்காலி போட்டு உக்காந்து பேசறது அவங்களுக்குப் புடிக்கும். ஒரு நாள் எங்க ஊட்டுக்காரர்கிட்ட, நீங்க விதியை என்னன்னு சொல்லுவீங்கன்னு கேட்டாங்க. அவர் நெத்தியைத் தொட்டு, தலையெழுத்துன்னார். அவங்களுக்கு ஒரே சந்தோசம். இங்கிலீஷ்காரங்களோட முன்னோர்கிட்ட இந்த மாதிரி எழுத்து இல்லை, அவங்க சொல்லு 'வியர்ட்', ஆகிக்கிட்டு வர்றது, திரும்பிக்கிட்டு இருக்கறதுன்னு அதுக்கு அடியில அர்த்தம்னாங்க. இப்ப அதே சொல்லுக்கு விசித்திரம்னு ஆயிப்போச்சாம். விதியைச் சொல்ற பொம்பளைகளுக்கு ஒரு காலத்துல அந்தப் பேரு இருந்துச்சாம். கதையில அவங்க பாக்க ஒரு மாதிரி இருந்ததால சொல்லோட அர்த்தமும் அந்தப் பக்கம் சாஞ்சிருச்சாம்.

இவர் கேட்டுக்கிட்டே வெங்காயம் உரிச்சுக் குடுத்தவரு, "அப்ப வெள்ளைக்காரனுக்கு இன்னும் எழுதி முடிக்கலீங்களா டீச்சரம்மா? பாவம், எங்களுக்குப் பொறக்கறப்பவே வேலை முடிஞ்சுபோச்சுங்க"ன்னார். டீச்சரம்மா சிரிச்ச சிரிப்புல முக்காலி ஆடிப்போச்சு.

இன்னொரு சொல்லும் சொன்னாங்க. 'லாட்'. மொதல்ல அது மரத்துண்டுக்குப் பேராம். குறி போட்ட துண்டுகளை வெள்ளைத் துணி மேல போட்டு, சாமியை நெனைச்சு மேல பாத்துக்கிட்டே எடுப்பாங்களாம். கையில வந்தது அவனவன் பங்கு. அப்புறம் அந்தப் பங்குக்கே விதின்னு பேராயிருச்சு. லாட்டரிச் சீட்டும் அந்த வகைதானுங்களான்னு இவர் கேட்டார். ஆமா, ஒரே வேருன்னாங்க. அன்னைக்குப் பூரா இவர் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தார்.

எனக்கோ வேற ஞாபகம் வந்துச்சு. நாங்களும்தான் பூ கேக்கறோம். ஒரு இலையில வெள்ளை அரளி, ஒரு இலையில செவப்பு அரளி, தெரியாத மாதிரி மடிச்சு நூல் சுத்தி ஆத்தா காலடியில வெப்பாங்க. கேக்கறவங்க மனசுக்குள்ள கேட்டுக்கணும், வாய் விட்டுச் சொல்லக் கூடாது. வெள்ளை வந்தா சரி. செவப்பு வந்தா வேண்டாம். கல்யாணம், கெணறு, ஊடு கட்டறதுன்னு எதுக்கும் எங்க பக்கம் பூ கேக்காம இருக்க மாட்டாங்க.

ஏனுங்க, ஆத்தாகிட்டயே கேட்டுருவோங்களான்னு கேட்டேன். ஆத்தா சொன்னா கட்டுப்படறேன்னார். எனக்கு அதுவே பாதி உயிர் வந்த மாதிரி.

வெள்ளிக்கிழமை எஸ்டேட் கோயிலுக்குப் போனோம். பூசாரி பொட்டலத்தை வெச்சுட்டு, ரெண்டு பேரும் நல்லா மனசுல நெனைச்சுக்குங்கன்னார். நான் கண்ணை மூடி, தாயே, இவருக்கு ஆபரேஷன் பண்ணலாமான்னு கேட்டேன். அவரும் பக்கத்துல கை கூப்பி நின்னார். கும்பிட வந்த ஒரு சின்னப் புள்ளையை, ஒண்ணு எடு கண்ணுன்னாங்க. எடுத்துச்சு. பூசாரி நூலைப் பிரிச்சார்.

செவப்பு.

பூசாரி குடுத்த அந்தப் பூவை இடுப்புல முடிஞ்சுக்கிட்டு, அவர் மூஞ்சியைக்கூடப் பாக்காம ஊடு வந்து சேந்தேன். மறுநாள்ல இருந்து அவர் ஒவ்வொரு வேலையா முடிக்க ஆரம்பிச்சார். ரோசாச் செடிக்கெல்லாம் மொத்தமா எரு போட்டார். தன்னோட டார்ச் லைட்டை, கீழ் பங்களா வாட்ச்மேன்கிட்டக் குடுத்து வெச்சார். வெள்ளக்கடையில இருக்கற தங்கச்சியைப் போயிப் பாத்துட்டு வந்தார். கெளம்பப் போற மனுசன்தானே இப்படியெல்லாம் ஒவ்வொண்ணா ஒதுங்க வைப்பார்? அடுப்புப் புகைன்னு சொல்லிக்கிட்டு அழுதுக்கிட்டே சமைச்சேன்.

டீச்சரம்மா கண்டுபுடிச்சுட்டாங்க. எல்லாம் சொன்னேன். அவங்க யோசிச்சு, அந்த மரத்துண்டுக்காரங்களுக்கு ஒரு வழக்கம் இருந்துச்சும்மா, வேண்டாம்னு வந்தா அன்னைக்கு மட்டும் வேண்டாம், இன்னொரு நாள் கேக்கலாம்னாங்க. நல்ல மனசோட சொன்னதுதான். எனக்கு ஒப்பலை. எங்க ஆத்தாகிட்ட அப்படிப் பேரம் பேச முடியாதுங்கம்மான்னு சொல்லிட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அவங்க இவரைக் கூப்பிட்டு, கட்டுரைக்காக இந்தப் பூ வழக்கத்தைப் பத்தி விசாரிச்சாங்க. என்ன பூ, என்ன இலை, யாரு எடுக்கறதுன்னு ஒவ்வொண்ணா. நான் காப்பி டம்ளரோட வாசல்ல நிக்கறேன். அவங்க சாதாரணமா, "நீங்க என்ன கேட்டீங்க?"ன்னுட்டாங்க.

எங்க ஆளுங்க யாரும் அதைக் கேக்க மாட்டாங்க. கட்டின பொண்டாட்டி நானே கேக்கலை. பாவம், அவங்களுக்குத் தெரியாது. ஆனா இவர் தயங்கவே இல்லை.

"ஆபரேஷன் இல்லாமயே காலத்தை ஓட்டிடலாமான்னு கேட்டேனுங்க. வேண்டாம்னுட்டா ஆத்தா. சரின்னு திங்கக்கிழமை சேலம் போறதுக்குத் தயாராயிக்கிட்டு இருக்கேன். இவகிட்டச் சொல்லலாம்னா, கோயிலுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே திரியறா."

காப்பி டம்ளரை வாசப்படியிலயே வெச்சுட்டு உள்ள போனேன். கோயில்ல நான் என்ன கேட்டேன்னு சொன்னேன். டீச்சரம்மா சிரிக்க ஆரம்பிச்சு, என் மூஞ்சியைப் பாத்து நிறுத்திக்கிட்டாங்க. ஒரு பூ. கேள்வி ரெண்டு, அதுவும் ஒண்ணுக்கொண்ணு எதிர்க் கேள்வி. அவரைப் போன்னு சொன்ன பூ, என்னைப் போகாதேன்னு சொல்லியிருக்குது.

மறுபடி கேப்போங்கன்னு கெஞ்சினேன். அவர் ஒத்துக்கலை. ஒருக்கா சொன்னவகிட்ட மறுக்கா கேட்டா நம்பலைன்னு ஆயிரும்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, தலை யாரோடது புள்ளன்னு கேட்டார். உங்களோடதுதானுங்கன்னேன்.

"அப்ப என் தலைக்கு நான் கேட்டதுதான் செல்லும். உன் தலைக்கு ஏதாவது வந்தா நீ கேட்டுக்க."

ஜோக்காச் சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அந்தப் பேச்சைப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் மலை எறங்கினேன். எறங்கறதுக்கு முந்திப் பூசாரிகிட்டயும் தனியாப் போயிச் சொல்லி அழுதேன். அவர் என்னைத் திட்டினார். ஒரு பூவுக்கு ரெண்டு பேர் கேக்கலாமா, ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டு வந்திருக்கக் கூடாதான்னார். அப்புறம் துன்னூறு மடிச்சுக் குடுத்து, யாரு கேள்வி மொதல்ல வந்துச்சுன்னு அவளுக்குத் தெரியும் அம்முணி, போயிட்டு வாங்கன்னார்.

ஆபரேஷன் ரூமுக்குள்ள அவரைக் கொண்டுட்டுப் போன பொறகு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். இடுப்புல முடிஞ்சிருந்த அந்தச் செவப்புப் பூ காஞ்சு சருகாயிருந்துச்சு. தாயே, நான் உன் பேச்சை மீறலை, அவர்கிட்ட நீ சொன்னதைத்தான் கேக்கறேன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தேன். டாக்டர் வெளிய வந்து நல்லபடியா முடிஞ்சுதும்மான்னு சொன்னப்ப கும்பிடக் கை தூக்கினேன், பூத்தூள் மடியில கொட்டிப்போச்சு.

டீச்சரம்மா ஊருக்குப் போறப்ப, இன்னொரு சொல்லையும் சொல்லிட்டுப் போனாங்க. 'ஃபேட்'. அது இங்கிலீஷுக்கு வெளிய இருந்து பின்னாடி வந்த சொல்லாம். சாமி வாயால சொன்னதுன்னு அர்த்தமாம். அது எனக்கு மனசுல நின்னுபோச்சு. எங்களுக்கு எழுத்து. அவங்களுக்கு மொதல்ல ஆகிக்கிட்டு வர்றது, பின்னால சாமி சொன்ன சொல்லு. நான் படிக்காதவ, எது சரின்னு எனக்குத் தெரியாது. என் கேள்விக்கு அன்னைக்கு என்ன பதில்னும் இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தெரியாமயே நிம்மதியாத்தான் இருக்கேன்.

இப்பவும் அவர் காலையில டீக்கடை வரைக்கும் நடந்து போயிட்டு வர்றாரு. மேட்டுல மட்டும் நின்னு மூச்சு வாங்கிக்குவாரு, விறகு தூக்கறதில்லை. ரோசா அந்த எருவுக்கு நல்லாவே பூத்துச்சு. டார்ச் லைட்டைத்தான் கீழ் பங்களா வாட்ச்மேன் இன்னும் திருப்பித் தரலை. எதைக் கேக்கப் போனாலும் இப்பெல்லாம் கோயில் படியிலயே, ஏம்புள்ள, ரெண்டு பேரும் ஒண்ணைத்தானே கேக்கறோம்னு கேட்டு உறுதி பண்ணிக்கறாரு.

ஜீப்புல அந்த அம்மா சொன்ன கதையில வெள்ளைப் பூ வந்துச்சு. ஆத்தா ஆபரேஷன் பண்ணிக்கோன்னு உத்தரவு குடுத்தா, புருசன் பொழைச்சுக்கிட்டான்னு சொன்னாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அப்படி நடக்கலைங்க. படிக்கறவங்க இதை யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்க, நொம்பச் சந்தோசம். ஆனா பூவை மட்டும் மாத்திராதீங்க. வந்தது செவப்பு. கேட்டது ரெண்டு பேர். அந்தப் படிக்கே சொல்லுங்க, சாமி.