ஒரே வேலைக்கு நாங்கள் இரண்டு பேர்

இறால் வறுக்கும் வாசனையும் ஷூ பாலிஷ் வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும்? எனக்கு அதுதான் இன்டர்வியூ வாசனை...

பழவேற்காட்டில் நசீமா வீடு. அவள் அத்தா இறால் வியாபாரி. டிப்ளமோவில் மூன்று வருஷமும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியிலிருந்து இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை.

எடுக்கப்போவது ஒரே ஒரு ஆள்.

எனக்கு வேலை கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பதாக வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டிலும் அதே பேச்சு. ஆனாலும் ஒரு வாரம் அவள் வீட்டில் சேர்ந்துதான் படித்தோம். தனியாகப் படிக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"உன்னப் பத்தி சொல்லு" என்று நசீமா மேனேஜர் மாதிரி கேட்பாள். நான் ஆரம்பித்தால் அப்பா வருவார், நெல் வரும், எங்கள் வீட்டு மாடு வரும். நான் மட்டும் வரமாட்டேன்.

"மாட்டுக்கா வேலை கேக்குற? உன்னப் பத்தி சொல்லுடி."

இன்டர்வியூவில் வெர்னியர் காலிபரில் அளவு எடுக்கச் சொல்வார்களாம். அந்தக் கருவிக்கு எங்கே போவது? அட்டையில் கோடு போட்டு அவளே ஒன்று செய்தாள். அதை வைத்து வீட்டில் இருந்த வளையல் எல்லாவற்றையும் அளந்தோம்.

என்னிடம் ஷூ இல்லை. அவள் லாத்தாவின், அதாவது அக்காவின், கறுப்பு ஷூவை பாலிஷ் போட்டு, முன்னால் பஞ்சு அடைத்துக் கொடுத்தாள்.

இன்டர்வியூ அன்று முதல் பெயரே என்னுடையது. மேனேஜர் ரூம் கதவைத் திறந்தால் ஏசி காற்று... முகம் பார்க்கிற மாதிரி தரை. பேங்குக்கே செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போகிற குடும்பம் எங்களுடையது. கை தானாகப் போய் ஷூவைக் கழற்றிவிட்டது. வெறும் காலோடு உள்ளே போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு என் கால் தெரியவில்லை.

எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாசலில் கிடந்த ஷூவைப் பார்த்தார்கள். இங்கே இதுதான் வழக்கம் போல என்று ஒவ்வொருவராகக் கழற்ற ஆரம்பித்தார்கள். மறுபடி கூப்பிடுவார்களோ என்று வெளியே வந்தும் யாரும் போட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தோம்.

கடைசியாக நசீமா. அவள் மட்டும் ஷூவோடு போனாள்.

அவளோடு பேசி முடித்து வெளியே வந்த மேனேஜர் ஷூ வரிசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, பெரியபாளையம் கோயிலா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நசீமாவிடம் கேட்டேன். "நீ ஏன்டி கழட்டல?"

"லாத்தா ஷூவப் பாத்ததுமே இது உன் வேலைன்னு புரிஞ்சிபோச்சு. நானும் குனிஞ்சேன். அப்புறம் கேட்டாண்ட இருந்த போர்டு ஞாபகம் வந்துச்சு. ஷூ இல்லாம உள்ள வரக்கூடாதுன்னு பெருசா எழுதி வச்சிருந்தாங்களே."

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. ஷூவால் போனதா, வெர்னியர் கேள்விக்கு நான் உளறியதால் போனதா தெரியாது. போனில் "எனக்கு வந்துடுச்சுடி" என்று சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் அடுத்த இன்டர்வியூவுக்கு என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டது அவள்தான். அதே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், அடுத்த தெருவில் எனக்கும் வேலை கிடைத்தது. மாப்பிள்ளை பேச்சு கொஞ்ச நாளைக்கு ஓய்ந்தது.

இப்போது எங்கள் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். காதில் இயர்போன், மொபைலில் வீடியோ... எங்களைவிட நன்றாகவே பதில் சொல்கிறார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பார்த்தால் பாவமாக இருக்கிறது.

போன வாரம் நசீமா போன் செய்தாள். புதுவாயல் பக்கம் புதிதாக வரும் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர் போஸ்ட். ஒரே ஒரு இடம்.

"ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வாடி. இன்டர்வியூ போயி ரொம்ப வருசம் ஆச்சு, பயமா கீது. நீதான் கேள்வி கேக்கணும்."

நானும் அதற்கு அப்ளை செய்திருந்தேன். மறைக்க மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் காலண்டர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்போ சனிக்கெழமையே வந்துடு. ரெண்டு பேருக்கும் கேக்கணுமே, ஒரு நாள் பத்தாது."