பந்தல் நிழலில் எடுத்த அளவு

கீழப்பழுவூருக்கு மேற்கே எங்கள் கொல்லையில் நாங்கள் மீன்குளம் வெட்டியதற்கு ஒரே காரணம், என் கணவர் ரெட்டிபாளையத்துச் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் வேலையை விட வேண்டும் என்பதுதான். இருமினால் அவர் துண்டில் சாம்பல் நிறம் படிந்தது. முதல் மீன் நல்லபடியாகக் கரையேறினால் ஆலைக்குப் போவதில்லை என்று சொல்லியிருந்தார்.

நான் அரியலூரில் ஆசிரியை. மீன் வளர்ப்புப் பயிற்சியில் கொடுத்த கையேட்டை வரி விடாமல் படித்தவள். கோடைக்காகக் குளத்தின் மூலையில் கீற்றுப்பந்தல் போட்டு, அதன் காலில் வெப்பமானியைக் கட்டி நீருக்குள் தொங்கவிட்டேன். ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அளவைப் பார்த்துக் காலண்டரில் எழுதுவேன்.

“என்னண்ணே, டீச்சரம்மா மீனுக்குக் காய்ச்சல் பாத்தாச்சா?” என்பார் பக்கத்துக் கொல்லைக்காரர்.

“பாத்தாச்சு, ஊசி போடத்தான் ஆள் வரல” என்று என் கணவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் என்னைப் பற்றிய பெருமையும் இருந்தது.

மழை பொய்த்த வருடம் அது. பங்குனி முடிவதற்குள் குளம் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. இரவு ஷிப்ட் வாரங்களில் அவர் பகலில் கொல்லையில் இருப்பார். ஒரு மாலை சொன்னார்:

“மத்தியானம் தண்ணியில கால் வச்சேன் புள்ள, சுடுது. விடியக்காலையில போர்த்தண்ணி கொஞ்சம் கொஞ்சமா விடவா?”

“முப்பதுதாங்க காட்டுது. திடீர்னு குளுந்த தண்ணி பட்டா மீன் தாங்காதுன்னு போட்டிருக்கு.”

“கொஞ்சமாத்தானே விடப் போறேன்.”

“வேணாங்க.”

“அப்பச் சரி. படிச்சவ சொல்ற.”

மறுபடியும் இருமுறை கேட்டார். இருமுறையும் காலண்டரைக் காட்டினேன்.

முழு ஆண்டுத் தேர்வு நடந்த வாரத்தில், ஒரு பிற்பகல் வீடு திரும்பியபோது குளம் முழுக்க மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. அவர் கரையில் உட்கார்ந்திருந்தார். நான் வெப்பமானியை அவிழ்த்துப் பந்தலுக்கு வெளியே வெயிலில் இறக்கினேன். முப்பத்தேழு. அந்த இடத்திலும் அந்த நேரத்திலும் நான் ஒருநாளும் அளந்ததில்லை. திடீர் மாற்றம் கூடாது என்ற வரிக்கு அடுத்த பக்கத்திலேயே, நீர் குறைந்தால் அதிகாலையில் சிறிது சிறிதாகச் சேர்க்கும்படி கையேடு சொல்லியிருந்தது. அதையும் படித்திருந்தேன். அவர் கேட்ட வேளையில், நான் சொன்னது சரியாக இருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

“இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமேங்க” என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

“சொன்னேனே புள்ள” என்றார். மீன்களைப் புதைத்து, குளித்து, மாலை பஸ்ஸில் ஆலைக்குக் கிளம்பினார்.

ஆடியில் அவருக்கு இருமலோடு காய்ச்சல் வந்தது. நான் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைத் தேடி எடுத்துவந்தேன். அவர் அதை வாங்கித் தலையணைக்கு அப்பால் வைத்தார். என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்து, “இப்பச் சொல்லு” என்றார்.

சுட்டது.