காலிக் கூண்டில் கொட்டாங்கச்சி

வசுதா ஹெப்பார் மேடத்தின் எலிகளுக்குப் பதினோரு வருடமாகத் தீனி வைத்து, கூண்டு கழுவி வருகிறேன். நான்காம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அவருடைய ஆராய்ச்சியில் எனக்கு விளங்கியதைத்தான் எழுதுகிறேன்.

மேடம் கர்நாடகத்தில் சிர்சி ஊர்ப் பக்கத்து அர்ச்சகர் மகள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மந்திரமெல்லாம் மறந்துபோனது. ஆனாலும் தட்டைக் கையில் கொடுத்தால் ஆரத்தியை மட்டும் பிசகாமல் சுற்றுவாராம். வாய் மறந்ததைக் கை எங்கே வைத்திருக்கிறது என்று தேடித்தான் மகள் மூளைப் படிப்புக்குப் போனார். ஜெர்மனியில் ஆறு வருடம், பெங்களூரில் இருபத்திரண்டு வருடம். வயதான மூளையும் புதிதாகக் கிளைவிடும் என்பது அவர் நம்பிக்கை.

ஓய்வுக்கு முன் அதை நிரூபிக்க ஒரு பெரிய சோதனை வைத்தார். கிழட்டு எலிகளில் பாதிக்குக் கூண்டு நிறைய ஏணி, சக்கரம், குழாய். மீதிப் பாதிக்கு வெறும் கூண்டு. ஆறு மாதம் கழித்து, உள்ளே இருப்பது தெரியாதபடி பால் கலந்த தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டு, அடியில் இருக்கும் சின்ன மேடையை எது நினைவு வைத்துப் போய்ச் சேருகிறது என்று பார்ப்பார்கள்.

பார்த்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி நீந்தின.

"வெறுங்கூண்டு ஆளுங்களுக்கு யாரோ ட்யூஷன் எடுத்திருக்காங்க மேடம்," என்றாள் மாணவி பாவனா.

மேடம் சிரிக்கவில்லை. "ஏணியும் சக்கரமும் ஒண்ணும் செய்யலம்மா. இருபது வருஷமா ஊரை ஏமாத்தியிருக்கேன். அப்படியே எழுதிடலாம்."

வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ட்யூஷன் எடுத்தது நான்தான்.

சங்கராந்தியன்று ஆரம்பித்தது. எங்கள் வழக்கத்தில் அன்று எள்ளும் வெல்லமும் கொடுக்கும்போது எந்த வீட்டையும் தாண்டிப் போகக்கூடாது. பக்கத்துக் கூண்டு எலிகள் விளையாட, வெறுங்கூண்டு எலிகள் மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. மனசு கேட்காமல் ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டேன். அப்புறம் கொட்டாங்கச்சி, அட்டைச் சுருள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைப்பேன், திங்கள் காலை எடுத்துவிடுவேன். காலியாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் பார்க்கும்போது காலியாக இருந்தால் போதும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். மூன்று நாள் சிவன் படத்துக்கு விளக்கேற்றக்கூடக் கை வரவில்லை. நான்காம் நாள் மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"எத்தன நாளா, ருத்ரம்மா?"

"சங்கராந்தியிலேர்ந்து மேடம். வாராவாரம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

அறையில் இருந்த பாவனா துள்ளிக் குதித்தாள். "மேடம், அப்ப நீங்கதான் சரி! ரெண்டு கொட்டாங்கச்சியே கிழட்டு மூளைய எழுப்பியிருக்கு!"

"எந்தக் கூண்டுக்கு எத்தன தரம்? எழுதி வெச்சிருக்காங்களா? எனக்குப் பிடிச்ச முடிவுங்கறதுக்காக அத நிஜம்னு எழுத முடியாது." என் பக்கம் திரும்பினார். "எங்கப்பா மூச்சு அடங்கறப்போ நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன், ருத்ரம்மா. இந்த எலிங்கள விட்டுட்டுப் போக முடியல."

அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சோதனை செல்லாது, மேற்பார்வைத் தவறு தன்னுடையது என்று மேலிடத்துக்கு எழுதினார். என் பெயர் அதில் இல்லை. ஆகஸ்டில் புதுக் குட்டிகள் வந்தன. அவை கிழடாக இரண்டு வருடம் ஆகும். மேடத்தின் ஓய்வுக்கு இருப்பது பதினான்கு மாதம். மேடம் நினைத்தது சரியா என்று பாவனாதான் பார்ப்பாள்.

எப்படியோ தெரிந்துகொண்டு, மேலிடத்தில் என்னை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார்களாம். "அவங்களே இருக்கட்டும், இனிமே தப்பு நடக்காது," என்று மேடம் மறுத்துவிட்டார்.

நடக்கவில்லை. வெறும் கூண்டுகள் வெறுமையாகவே இருக்கின்றன. தினம் காலையில் மேடம் வந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கிறார். நான் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறேன். முன்பெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்பார்.